கைக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரியாதது: யெஹூதி மெனுஹினின் மேடை, கற்பித்தல், இளையோர் இசை அமைப்புகள்

1. ஆய்வின் கேள்வி

யெஹூதி மெனுஹின் (1916–1999) இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெயர்பெற்ற வயலின் கலைஞர்களுள் ஒருவர். ஏழு வயதில் தொடங்கிய மேடை வாழ்வு முக்கால் நூற்றாண்டு நீண்டது. ஒரே ஒலிப்பதிவு நிறுவனத்துடன் அவருக்கிருந்த தொடர்பும் ஏறக்குறைய எழுபது ஆண்டு நீடித்தது. இங்கிலாந்தில் ஓர் இசைப் பள்ளி (1963), சுவிட்சர்லாந்தில் ஓர் உயர் பயிற்சிக் கழகம் (1977), மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் இளம் கலைஞர்களை அனுப்பும் ‘லைவ் மியூசிக் நவ்’ (1977), இளம் வயலின் கலைஞர்களுக்கான பன்னாட்டுப் போட்டி (1983), ஆசிய இளையோர் இசைக்குழு (1987), தொடக்கப் பள்ளிகளுக்கான ‘மியூஸ்-ஈ’ திட்டம் (1993) ஆகியவற்றின் பின்னாலும் அவர் பெயர் நிற்கிறது.

இந்த இரண்டு பட்டியல்களுக்கும் இடையே என்ன உறவு? மேடைக் கலைஞர் மெனுஹினும் இளையோர் இசைக்கு வழிகாட்டிய மெனுஹினும் ஒருவரது வாழ்வில் அடுத்தடுத்து வந்த இரு பருவங்களா? அல்லது மேடையில் எழுந்து அங்கே விடை கிடைக்காத ஒரு கேள்வியைத்தான் அவர் பிற்பாடு பள்ளியாகவும் அமைப்பாகவும் கட்டினாரா? இக்கட்டுரை இந்தக் கேள்வியை ஆராய்கிறது.

2. நிலவும் பார்வைகள்

மெனுஹினைப் பற்றிய எழுத்துகளில் மூன்று பார்வைகள் மேலோங்கி நிற்கின்றன.

முதலாவது, சரிவுக் கதை. 1930களில் வெளிவந்த இசைத்தட்டுகளே அவரது உச்சம். போருக்குப் பின் வில் நடுங்கத் தொடங்கியது, சுருதி சுத்தம் சில இரவுகளில் கைவிட்டது. மேடையில் இழந்த இடத்தைக் கற்பித்தலிலும் பொதுப்பணியிலும் ஈடுசெய்தார் என்பது இதன் சாரம். இசைத்தட்டு விமர்சகர்கள் பலரிடம் இதைக் காணலாம்.

இரண்டாவது, சான்றோர் கதை. இசையால் மனிதரை இணைக்க விரும்பிய பெருந்தகையின் கருணையே எல்லா அமைப்புகளுக்கும் ஊற்று என்கிறது இது. அஞ்சலிக் கட்டுரைகளிலும் விருதுரைகளிலும் இக்குரல் ஒலிக்கிறது. 1968ஆம் ஆண்டுக்கான ஜவாஹர்லால் நேரு விருது, 1993இல் பிரிட்டிஷ் மேலவை உறுப்பினர் பதவி போன்ற சிறப்புகள் இப்படிமத்தை உறுதிப்படுத்தின.

மூன்றாவது, குடும்பக் கதை. தந்தை மோஷே, தாய் மருதா ஆகியோரின் கடும் கட்டுப்பாட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகளின் உளநிலை வழியாக எல்லாவற்றையும் விளக்க முனைவது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு இது வளமான களம்.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூன்றுமே கற்பித்தலை மேடைக்கு வெளியே நிற்கும் ஒன்றாகக் கருதுகின்றன. முதலாவதற்கு அது மாற்றுப் பிழைப்பு, இரண்டாவதற்கு அறச்செயல், மூன்றாவதற்கு மனக்காயத்தின் வெளிப்பாடு. வாசிப்பதில் அவருக்கு ஏற்பட்ட சிக்கல் எத்தகையது, அதற்கு அவர் கண்ட வழி என்ன, அந்த வழி எவ்வாறு பாடத்திட்டமானது என்னும் கேள்விகளை இவை போதிய அளவு தொடுவதில்லை.

3. மேடை: 1924 முதல் 1936 வரை

மெனுஹின் 1916 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து கிளம்பிப் பாலஸ்தீனம் வழியாக அமெரிக்கா வந்த யூதப் பெற்றோர் விரைவிலேயே சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினர். அங்கே முதலில் சிக்மண்ட் ஆங்கரிடமும், பிறகு அந்நகர இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞர் லூயி பெர்சிங்கரிடமும் சிறுவன் கற்றான். பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு நாள். அதன்பின் எல்லாக் கல்வியும் வீட்டில்தான். தங்கைகள் ஹெப்சிபாவும் யால்தாவும் பியானோ கலைஞர்களாயினர். வீட்டுக்கு வெளியே சம வயதுத் தோழர் அநேகமாக இல்லை.

ஏழு வயதில் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறிய சிறுவன் 1927 பிப்ரவரியில் பாரிசில் லாமுரே இசைக்குழுவோடு லாலோவின் ‘சிம்ஃபொனி எஸ்பான்யோல்’ வாசித்தான். அதே ஆண்டு நவம்பரில், பதினொரு வயதில், நியூயார்க் கார்னகி ஹாலில் பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ. நடத்துநர் ஃபிரிட்ஸ் புஷ், ஒரு குழந்தையிடம் அந்தப் படைப்பை ஒப்படைக்கத் தயங்கி, கேட்ட பிறகே இசைந்தார். 1929 ஏப்ரல் 12 அன்று பெர்லினில், புருனோ வால்ட்டர் நடத்த, பாஹ், பீத்தோவன், பிராம்ஸ் ஆகிய மூவரின் கான்செர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்தபோது பதின்மூன்று வயது நிறையப் பத்து நாள் இருந்தது. 1932 ஜூலையில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்வர்ட் எல்கார் தாமே நடத்த, அவரது வயலின் கான்செர்ட்டோவைப் பதினாறு வயது மெனுஹின் பதிவு செய்தார். இன்றும் அது அப்படைப்பின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தனி வயலினுக்கான பாஹின் ஆறு படைப்புகளையும் முழுமையாக இசைத்தட்டில் முதலில் தந்தவரும் அவரே (1934–1936).

இந்த ஏற்றத்தின் நடுவே ஒரு சிறு நிகழ்ச்சி. மெனுஹினே தன்வரலாற்றில் அதைப் பதிந்திருக்கிறார். பெர்சிங்கரின் குருவான யூஜீன் இசாயியைப் பிரஸ்ஸல்ஸில் சந்தித்தபோது சிறுவன் லாலோவைச் சிறப்பாக வாசித்தான். பிறகு இசாயி கேட்டது மிக எளிய ஒன்று: ஏ மேஜர் ஆர்ப்பெஜியோவை, அதாவது ஒரு சுரக்கூட்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு ஸ்தாயியில் வாசித்துக் காட்டச் சொன்னார். லாலோவில் தடுமாறாத விரல்கள் அங்கே வழி தெரியாமல் தேடின. சுரவரிசைகளையும் ஆர்ப்பெஜியோக்களையும் சாதகம் செய்யும்படி அம்முதியவர் அறிவுறுத்தினார். சிறுவன் அவரிடம் சேரவில்லை. பாரிசில் ருமேனிய இசைமேதை ஜார்ஜே எனெஸ்குவிடம் சேர்ந்தான். எனெஸ்கு தந்தது விரலடிப் பயிற்சி அன்று, இசையின் உள்ளோட்டம். பின்னர் பாசலில் அடால்ஃப் புஷ்ஷிடம் ஜெர்மானிய மரபின் ஒழுங்கு கிடைத்தது.

கர்நாடக இசை அறிந்தவருக்கு இந்நிலையை விளக்குவது எளிது. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கையில் படியாமலே, கேள்வி ஞானத்தால் ராகம் தானம் பல்லவி வாசிக்கத் தொடங்கிய குழந்தையின் நிலை அது. செவி வழிநடத்தும் வரை கை பின்தொடரும். செவிக்கும் கைக்கும் இடையே என்ன நடக்கிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டால், சொல்லத் தெரிந்த பதில் எதுவும் கையில் இராது.

4. முறிவும் மறுகற்றலும்

அந்தக் கேள்வி இருபது வயதில் எழுந்தது. 1935இல் முடிந்த உலகப் பயணத்துக்குப் பின், 1936இல் மெனுஹின் மேடையிலிருந்து விலகிக் கலிஃபோர்னியாவில் நீண்ட ஓய்வெடுத்தார். திரும்பி வந்தபோது, அதுவரை இயல்பாக நடந்தவற்றை எப்படிச் செய்தோம் என்று ஆராயத் தொடங்கினார். போர் ஆண்டுகள் இச்சிக்கலைக் கூர்மையாக்கின. நேச நாட்டுப் படைகளுக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஒத்திகைக்கும் சாதகத்துக்கும் நேரமில்லாத ஓயாத பயணம். உடலின் இறுக்கம் வில்லில் கேட்கத் தொடங்கியது.

இக்காலத்தை வெறும் சரிவு என்று கூற முடியாது. பேலா பார்ட்டோக்கின் கடைசி ஆண்டுகளில் அவரிடம் தனி வயலின் சொனாட்டா ஒன்றைக் கேட்டுப் பெற்று 1944 நவம்பர் 26 அன்று கார்னகி ஹாலில் அரங்கேற்றியவர் மெனுஹின். வயலின் இலக்கியத்தின் மிகக் கடினமான படைப்புகளுள் அது ஒன்று. எனவே 1940களில் அவரிடம் குறைந்தது ஆற்றல் என்பதைவிட நம்பகம் என்பதே சரி. ஒரு மாலை எட்டிய உயரம் மறு மாலை கைக்கு எட்டுமா என்பது உறுதியில்லாமற்போனது. எதனால் எட்டியது என்று தெரியாததே அதன் காரணம்.

1945 ஜூலையில் அவரும் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் ஜெர்மனியில் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக வாசித்தனர்; பெர்கன்-பெல்சனும் அவற்றுள் ஒன்று. கச்சேரிக் கூடத்துக்கு வர இயலாதவர்களிடம் இசை போய்ச் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். 1947இல் பெர்லினில் நடத்துநர் ஃபுர்ட்வெங்லருடன் சேர்ந்து வாசித்து, போருக்குப் பின் ஜெர்மானியக் குழுவோடு மேடையேறிய முதல் பெரும் யூதக் கலைஞரானார். இதற்காக யூதர்களிடையே கடும் கண்டனத்துக்கும் ஆளானார்.

மறுகற்றலின் திருப்புமுனை இந்தியாவில் நேர்ந்தது. நேருவின் அழைப்பில் 1952இல் வந்த மெனுஹின், பம்பாயில் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். சில நிமிடங்களுக்கென்று ஒதுக்கிய சந்திப்பு மணிக்கணக்கில் நீண்டது. 1954இல் ஐயங்காரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்தார். அவரைத் தம் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்த கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். ஐயங்காருக்கு வயலின் தெரியாது என்பதை எண்ணினால் இந்தச் சொல்லின் கனம் விளங்கும். மெனுஹின் தேடிய ஆசிரியர் வயலினைக் கற்பிப்பவர் அல்லர். தோள், முதுகு, மூச்சு, விரல் மூட்டு ஆகியவற்றை அறிவோடு பார்க்கக் கற்பிப்பவர். 1966இல் வெளியான ஐயங்காரின் யோக நூலுக்கு முன்னுரை எழுதியவரும் மெனுஹினே.

5. கண்டறிந்தது பாடமாதல்

1971இல் வெளிவந்த ‘வயலின்: ஆறு பாடங்கள்’ நூல் இந்தத் தேடலின் நேரடி விளைவு. அதன் அமைப்பே ஒரு சான்று. முதல் பாடம் வயலினைத் தொடுவதே இல்லை; மூச்சும் உடலசைவும் சமநிலையும் பற்றியது. இரண்டாவது, வலக் கையை வில்லுக்கு ஆயத்தப்படுத்துவது. மூன்றாவது, இடக் கையை விரற்பலகைக்கு ஆயத்தப்படுத்துவது. நான்காவதும் ஐந்தாவதும் அவ்விரு கைகளும் வாசிக்கும் முறை. ஆறாவது இரண்டையும் இணைப்பது. குழந்தையாக இருந்தபோது ஒரே வீச்சில் கைவந்ததை ஐம்பதைக் கடந்தவர் ஆறு படிகளாகப் பிரித்துத் தருகிறார்.

இந்நூலை அக்காலத்தின் வேறு கற்பித்தல் மரபுகளோடு ஒப்பிட வேண்டும். நியூயார்க் ஜூலியார்ட் பள்ளியில் ஐவன் கலாமியனும் டாரதி டிலேயும் தலைமுறை தலைமுறையாக மேடைக் கலைஞர்களை உருவாக்கினர். நாள்தோறும் மாணவரோடு அமர்ந்து, ஒவ்வொருவரின் குறையையும் தனித்தனியே திருத்திய தொழில்முறை ஆசிரியர்கள் அவர்கள். மெனுஹின் அவ்வகை ஆசிரியர் அல்லர். அர்ஜென்டீனாவின் அல்பெர்ட்டோ லீசியைப் போல் நெடுங்காலம் அவரிடம் தனிப்படக் கற்றவர்கள் மிகச் சிலரே. ஆண்டின் பெரும்பகுதி பயணத்தில் கழிந்தவருக்கு அது இயலாததும்கூட. ஆகவே அவரது கற்பித்தல் குரு-சீடர் வரிசையாக அமையவில்லை. அமைப்புகளின் வழியே நடந்தது. அவரை ஓர் ஆசிரியராக எடைபோடும்போது யார் யாருக்குச் சொல்லித் தந்தார் என்பதோடு நின்றுவிட முடியாது. எத்தகைய சூழலைக் கட்டினார் என்பதே முதன்மையான கேள்வி.

1965 எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பைக் கேட்டுத் தம்மிடமிருந்த இத்தாலிய வயலின் ஒன்றை மெனுஹின் அவருக்குப் பரிசளித்ததும் இத்தேடலோடு பொருந்துகிறது. கர்நாடக இசைக் கலைஞர் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் தாங்கி வாசிக்கிறார். கருவியைத் தாங்கும் சுமை நீங்கிய இடக் கை கமகத்துக்காகத் தந்தியில் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. அதே கருவியை உடல் வேறொரு முறையிலும் தாங்கலாம் என்பதற்கு அது கண்கூடான சான்று. மெனுஹினின் இந்திய ஈடுபாட்டுக்கு அடையாளமாக ரவி சங்கருடன் இணைந்து வெளியிட்டு கிராமி விருது பெற்ற 1967 இசைத்தட்டே வழக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. கற்பித்தலின் நோக்கில் பம்பாய்ச் சந்திப்பும் எடின்பரோ நிகழ்ச்சியும் அதற்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

6. பள்ளி: 1963

மாஸ்கோவின் மத்திய இசைப் பள்ளியை மெனுஹின் பார்த்திருந்தார். பொதுக் கல்வியும் இசைக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடப்பது அவரைக் கவர்ந்தது. 1963இல் லண்டனில் மிகச் சில மாணவர்களோடு தொடங்கிய யெஹூதி மெனுஹின் பள்ளி, மறு ஆண்டு சரே மாவட்டத்தின் ஸ்டோக் டாபர்னனுக்கு இடம்பெயர்ந்தது. எட்டு வயது முதல் பதின்பருவ இறுதி வரை மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயில்கின்றனர். இன்றும் அது எண்பதுக்கு அண்மையான மாணவர்களையே கொண்ட சிறு பள்ளி. சேர்க்கை வாசித்துக் காட்டுவதன் அடிப்படையில். தேர்வு பெற்ற குழந்தை பணமின்மையால் வெளியே நிற்கக் கூடாது என்பது கொள்கை. பெற்றோரின் வருமானத்துக்கேற்ப அரசு உதவித்தொகையும் நன்கொடைகளும் கட்டணத்தைத் தாங்குகின்றன.

பள்ளியின் அமைப்பை அதன் நிறுவனரின் இளமையோடு அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தொடர்பு புலப்படும்.

அவர் தனியே வளர்ந்தார்; பள்ளியோ ஒத்த ஈடுபாடுள்ள குழந்தைகளை ஒன்றாக வாழ வைத்தது. அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே தனிக் கலைஞராக இசைக்குழுவின் முன்னால் நின்றார். பள்ளி, மூவரும் நால்வருமாய்ச் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையைக் கல்வியின் நடுவில் வைத்தது. அங்கே ஒவ்வொரு குழந்தையும் பிறரைக் கேட்டே தன் பங்கை வாசிக்க முடியும். அவருக்குக் கை செய்வதை விளக்க எவரும் இருந்ததில்லை. பள்ளியில் வாசிப்பு நுட்பத்தோடு உடலை அறியும் பயிற்சிகளும் இடம்பெற்றன. அவர் தொடர்ந்த மேடையேற்றத்தால் களைத்தவர். பள்ளி மாணவரோ மேடையைக் கல்வியின் ஒரு பகுதியாக, அளவோடு சந்திக்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மெனுஹினின் இளமை பற்றிய செய்திகளில் பெரும்பகுதி 1977இல் வெளியான அவரது தன்வரலாற்றிலிருந்து வருபவை. பள்ளி தொடங்கிப் பதினான்கு ஆண்டு கழித்து எழுதப்பட்ட நூல் அது. பள்ளிக்கு நியாயம் கற்பிக்கும் வகையில் இளமையை நினைவுகூர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஆயினும் ஒலித்தட்டுகள், 1936இன் மேடை விலகல், 1952இல் தொடங்கிய யோகம் ஆகிய மூன்றும் அந்நூலைச் சாராத சான்றுகள். அவை காட்டும் திசையும் அதுவே.

காலவரிசையும் சரிவுக் கதையைப் பலவீனப்படுத்துகிறது. 1963இல் மெனுஹினுக்கு வயது நாற்பத்தேழு. 1957இல் அவர் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் கிஷ்டாட் இசை விழா நடந்துகொண்டிருந்தது. 1959 முதல் பாத் விழாவின் இயக்குநரும் அவரே. கச்சேரிகளும் ஒலிப்பதிவுகளும் குறையவில்லை. மேடை கைவிட்டதால் பள்ளியை நாடினார் என்று சொல்வதற்கு, மேடை அவரை அப்போது கைவிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

பள்ளியின் மாணவர்களுள் நைஜல் கென்னடி, டாஸ்மின் லிட்டில், நிக்கோலா பெனடெட்டி, அலீனா இப்ரகிமோவா ஆகிய வயலின் கலைஞர்களும் பியானோ கலைஞர் கேத்ரின் ஸ்டாட்டும் உலகறிந்தவர்கள். இவர்களின் பாணிகள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஜாஸும் ராக்கும் கலந்தவர் ஒருவர். பழங்காலக் கருவி மரபிலும் ஆழ்ந்தவர் இன்னொருவர். நகல்களை உருவாக்காதது ஒரு பள்ளியின் வெற்றி என்றால், இப்பள்ளிக்கு அது உண்டு.

7. பள்ளிச் சுவருக்கு வெளியே

1977இல் இரண்டு அமைப்புகள் பிறந்தன. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நோக்குபவை.

லீசியோடு சேர்ந்து கிஷ்டாட்டில் தொடங்கிய பன்னாட்டு மெனுஹின் இசைக் கழகம், ஏற்கெனவே நன்கு வாசிக்கும் மிகச் சில இளைஞர்களை மேலும் கூர்தீட்டும் இடம். இயன் ஸ்டவுட்ஸ்கரோடு இணைந்து பிரிட்டனில் தொடங்கிய ‘லைவ் மியூசிக் நவ்’, தொழிலில் காலடி வைக்கும் இளம் கலைஞர்களைத் தேர்ந்து, பயிற்றுவித்து, ஊதியம் தந்து, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் அனுப்புகிறது. 1992இல் ஜெர்மனியிலும் அது வேரூன்றியது.

இரண்டாவதன் தனித்தன்மை, இரு தரப்புத் தேவைகளை ஒரே செயலில் இணைத்ததுதான். கச்சேரி கேட்க வர இயலாதவருக்கு நேரடி இசை கிடைக்கிறது. கல்லூரி முடித்து வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளைஞருக்கு வேலையும் வருவாயும் கிடைக்கின்றன. அதற்கும் மேலே ஒரு கல்வி கிடைக்கிறது. நினைவு மங்கிய முதியவர் முன்னால் வாசிப்பவருக்குக் கைதட்டலோ விமர்சனமோ வழிகாட்டாது. கேட்பவரின் முகமே வழிகாட்டும். 1945இல் முகாம்களில் மெனுஹின் கற்றதை, அடுத்த தலைமுறை பயிற்சியின் பகுதியாகவே கற்க இவ்வமைப்பு வழிசெய்தது.

1983இல் ஃபோக்ஸ்டனில் தொடங்கிய இளம் வயலின் கலைஞர் போட்டி பதினாறு வயதுக்குட்பட்டோர், இருபத்திரண்டு வயதுக்குட்பட்டோர் என இரு பிரிவுகளில் நடந்தது. 1995இல் இளையோர் பிரிவில் வென்ற யூலியா ஃபிஷரும், 2008இல் மூத்தோர் பிரிவில் வென்ற ரே சென்னும் இன்றைய முன்னணிக் கலைஞர்கள். 1987இல் ரிச்சர்ட் பான்ட்ஷியசுடன் ஹாங்காங்கில் நிறுவிய ஆசிய இளையோர் இசைக்குழு, பல ஆசிய நாடுகளின் இளைஞர்களைத் தேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் ஒத்திகை முகாமில் கூட்டி, பின்னர் கச்சேரிப் பயணம் அழைத்துச் சென்றது.

1993இல் உருவான ‘மியூஸ்-ஈ’ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் பாடல்வழிக் கல்வி முறை அதன் தூண்டுகோல். ஐரோப்பிய நகரங்களில் வறுமையும் புலம்பெயர்வும் மிகுந்த பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளுக்குக் கலைஞர்கள் சென்று, வகுப்பு நேரத்திலேயே பாட்டும் ஆட்டமும் நாடகமும் கற்பிக்கின்றனர். இங்கே தேர்வில்லை. வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைக்கும் உரியது அது. எவரையும் கலைஞராக்குவது அதன் இலக்கன்று. சேர்ந்து வாழப் பழகுவதே இலக்கு.

8. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், பள்ளியின் அடிப்படை பற்றியது. சிறு வயதிலேயே ஒரே துறையில் அமிழ்த்தியதால் துன்புற்றவர், எட்டு வயதுக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து இசைப் பள்ளியில் சேர்ப்பது தாம் பட்டதையே பிறருக்கும் விதிப்பதாகாதா? இதில் வலு உண்டு. மெனுஹினின் நோக்கில், தவறு இளமையிலேயே தொடங்கியதில் இல்லை. தனியே, விளக்கமின்றித் தொடங்கியதில்தான் இருந்தது. வயலின் கையில் படியும் பருவம் குழந்தைப் பருவமே என்பது தொழில் அறிந்தோர் பலரும் ஏற்பது. எனினும் பின்னாளில் இசையை விட்டு வேறு துறைக்குச் செல்ல விரும்பும் குழந்தைக்கு இத்தகைய பள்ளி என்ன தருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கடுமையானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறார் மீதான பாலியல் வன்முறையை ஆராய்ந்த பொது விசாரணை, 2022 மார்ச்சில் வெளியிட்ட உறைவிடப் பள்ளிகள் பற்றிய அறிக்கையில் சிறப்பு இசைப் பள்ளிகளைத் தனியே கவனித்தது. ஆசிரியரும் மாணவரும் மூடிய அறையில் தனித்திருக்கும் பாடமுறை, மாணவரின் எதிர்காலமே பெயர்பெற்ற ஆசிரியரின் கையில் இருக்கும் நிலை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அது எடுத்துக்காட்டியது. இது ஒரு பள்ளியைப் பற்றியது மட்டுமன்று. குருவின் சொல்லே இறுதி என்று கொள்ளும் எந்த இசைக் கல்வி முறைக்கும் பொருந்தும். மெனுஹின் தலைமுறை நிறுவனர்கள் நல்லெண்ணத்தையும் கலைத் தகுதியையும் போதிய காவலாகக் கருதினர். குழந்தைகளைக் காக்க அவை போதா. எழுதப்பட்ட விதியும், வெளியார் கண்காணிப்பும், அஞ்சாமல் முறையிட வழியும் வேண்டும் என்பதே பின்னர் கற்ற பாடம்.

மூன்றாவது, தலைமை பற்றியது. ஒரு பெரும் பெயரின் நிழலில் எழும் அமைப்புகள் அப்பெயர் மறைந்ததும் தேய்வது உண்டு. மெனுஹின் தொடங்கினார், பெயர் தந்தார், நிதி திரட்டினார். அன்றாடப் பணியைப் பிறர் சுமந்தனர். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அவர் 1999 மார்ச் 12 அன்று பெர்லினில் மறைந்த பின்னும் பள்ளி நடந்தது. 2006இல் முந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட மெனுஹின் அரங்கம் அங்கே எழுந்தது. போட்டி ஆஸ்லோ, பெய்ஜிங், ஆஸ்டின், ஜெனீவா என்று நகரம் நகரமாகச் சென்றது. ‘லைவ் மியூசிக் நவ்’ பணியும் தொடர்ந்தது. அன்றாடப் பொறுப்பைத் தொடக்கத்திலேயே பிறரிடம் ஒப்படைத்தது இத்தொடர்ச்சிக்கு உதவியிருக்க வேண்டும்.

9. மதிப்பீடு

மெனுஹினின் மேடையும் கற்பித்தலும் இளையோர் பணியும் ஒரே சிக்கலின் மூன்று நிலைகள் என்று கொள்ளச் சான்றுகள் இடம் தருகின்றன. கை அறிந்ததை மனம் அறியாதிருந்தது முதல் நிலை. அதை உடல்வழி ஆராய்ந்து சொல்லாக்கியது இரண்டாவது. அச்சொல்லைக் குழந்தைகள் வாழும் சூழலாக்கியது மூன்றாவது. சரிவுக் கதை முதல் நிலையின் இழப்பைச் சரியாகக் கேட்கிறது. ஆனால் அவ்விழப்பே ஆராய்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதைத் தவறவிடுகிறது. சான்றோர் கதை மூன்றாவதன் அருமையைப் போற்றுகிறது. அதன் பின்னிருந்த தொழில்சார் உழைப்பை மறைக்கிறது. குடும்பக் கதை தனிமையை விளக்குகிறது. அத்தனிமைக்கு மாற்றாக எழுந்த சேம்பர் இசை வகுப்பை விளக்க அது போதாது.

இந்த விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பள்ளி, கழகம், போட்டி ஆகிய மூன்றும் தேர்ந்தெடுத்தலின் மேல் நிற்பவை. ‘மியூஸ்-ஈ’ தேர்ந்தெடுக்க மறுப்பது. ‘லைவ் மியூசிக் நவ்’ இவற்றின் நடுவே, தேர்ந்தெடுத்த கலைஞரைத் தேர்வற்ற கேட்போரிடம் சேர்ப்பது. சிலரைச் சிறந்த கலைஞராக்குவதா, எல்லோருக்கும் இசையைப் பங்கிடுவதா என்ற கேள்விக்கு மெனுஹின் ஒற்றை விடை சொல்லவில்லை. முதலாவதைத் தம் இளமையின் குறைகளிலிருந்தும், இரண்டாவதை 1945இல் கண்ட முகாம்களிலிருந்தும் பெற்றார். இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகளைக் கட்டினார். இளையோர் கலைக்குத் தலைமையேற்கும் எவரும் இவ்விரண்டையும் ஒரே நிறுவனத்தில் அடைக்க முயன்று இரண்டையும் நீர்த்துப்போகச் செய்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வடிவத்தைத் தருவதே தக்கது என்பது இவ்வாழ்விலிருந்து பெறக்கூடிய நடைமுறை முடிவு.

மெனுஹின் ஸ்டோக் டாபர்னனில், பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.